இடது காலுக்கு ஒரு குழி

பிப்ரவரி 6

நடன ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பென்சிலில் எழுதியிருந்தீர்கள். எனக்குப் பாடம் சொல்லித்தந்த கன்னியாஸ்திரீகள் பார்த்திருந்தால் படிக்காமலே திருப்பி அனுப்பியிருப்பார்கள். நான் இரண்டு முறை படித்தேன்.

நாற்பது வருடத்துக்கு முன் நீங்கள் ஆடிய நடனத்தை உங்கள் மாணவி மறுபடி ஆடப்போகிறாள், அதற்காக என் கணவரின் சிலையை அளந்துகொள்ள வர வேண்டும் என்கிறீர்கள். மன்னிக்கவும். வருகிற மாதம் அது அருங்காட்சியகத்துக்குப் போகிறது. அவர் உங்கள் மேடைக்காக மரத்தில் செய்தது ஒரு சாமான். அவர் மறைந்தபின் நான் வெண்கலத்தில் வார்ப்பித்ததுதான் சிலை. சாய்ந்து நிற்கும் அந்த இரண்டு வளைவுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றி மட்டும் ஒரு விமர்சகர் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார். பின்பக்கம் இடுப்புயரத்தில் உளி தவறி விழுந்த ஒரு குழி இருந்தது. வார்ப்புக்கு முன் அதையும் அடைக்கச் சொல்லிவிட்டேன். இப்போது ஒரு குறையும் இல்லை.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சிற்பியின் மனைவி


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணிக்கு,

கை நடுங்குகிறது. பேனா பிடித்தால் காகிதமெல்லாம் மை. அதனால்தான் பென்சில், கோபிக்காதீர்கள்.

அந்த இடைவெளி என் இடுப்பு நுழையும் அளவு. அண்ணன் நூல் வைத்து அளந்தபோது மறுமுனையைப் பிடித்திருந்தது நீங்கள்தான். "மூச்சை உள்ளே இழுக்காதேடி, அப்புறம் மேடையில மாட்டிக்கிட்டு முழிப்பே" என்று சிரித்தீர்கள். விமர்சகரிடம் சொல்லிவிடுங்கள்.

குழியை அடைத்துவிட்டேன் என்ற வரியிலேயே நின்றுவிட்டேன். அண்ணி, அது உளி தவறியதல்ல. ஒத்திகையில் சறுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். அண்ணன் ஈரக் களிமண்ணில் என் இடது காலை வைக்கச் சொன்னார். அந்தத் தடத்தைப் பார்த்து அரைமணியில் செதுக்கினார். கடைசி நிமிடத்தில் அதில் கால் ஊன்றித்தான் எழுந்து நிற்பேன். பார்ப்பவர்களுக்குக் காற்றில் நிற்பதுபோல் இருக்கும். அதுதான் நடனத்தின் முடிவு. புகைப்படங்கள் எல்லாம் முன்பக்கம் எடுத்தவை. இடுப்புயரம் என்று சொன்னால் போதாது, ஓர் அங்குலம் மாறினாலும் சறுக்கிவிடும். பழைய மரம் இருக்கிறதா? அது போதும்.

உங்கள் குருவி


பிப்ரவரி 20

குருவிக்கு,

மரம் இல்லை. அச்சு எடுக்கும்போது பிளந்துவிட்டது. எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன்.

வார்ப்புப் பட்டறைக்காரர் அன்றைக்கே கேட்டார், "அம்மா, இது வேணும்னே செதுக்கின மாதிரி இருக்கே. மூடத்தான் வேணுமா?" என்று. "மூடுங்க. என் வீட்டுக்காரர் வேலை எனக்குத் தெரியாதா?" என்றேன்.

இத்துடன் நிறுத்தினால் தெரியாமல் செய்த தவறு என்று நீ நினைத்துக்கொள்வாய். பாதி உண்மையை எழுதி உறையை ஒட்டும் பழக்கம் எனக்கில்லை. தினமும் காலையில் பின்கூடத்தைக் கடக்கும்போது அவர் அந்தக் குழிக்குள் கட்டைவிரலை ஓட்டிவிட்டுப் போவார். "இதை எப்பதான் சரி பண்ணப் போறீங்க?" என்பேன். "அதுல கை வைக்காதே, அது குருவியோடது" என்பார். அவர் இருந்தவரை, பதினெட்டு வருடம். நீ எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திய பிறகும்கூட. நீ அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டாய், உங்கள் இருவருக்கும் நடுவில் தப்பாக எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் சண்டை போடக்கூட எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

அது கால் வைக்கும் இடம் என்று எனக்குத் தெரியாது. உன்னுடையது என்று தெரியும். தெரிந்துதான் அடைத்தேன்.

அருங்காட்சியக லாரியை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெண்கலத்தை வெட்ட ஆளும் பேசிவிட்டேன். நீ வந்து நின்று காட்டு.

அண்ணி


மார்ச் 9

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வெட்ட வேண்டாம். என் முட்டியில் இரண்டு முறை அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. நான் வந்து நின்றால் ஒரு கிழவியின் கால் எட்டும் உயரம்தான் கிடைக்கும். இப்போது வெட்டினால் அது நீங்கள் போட்ட ஓட்டையாக இருக்கும், அவர் செதுக்கியதாக இருக்காது.

நிகழ்ச்சி நேற்று நடந்தது. அட்டையில் வளைவுகள் செய்து வைத்துக்கொண்டோம். மாணவி கடைசிவரை தரையிலேயே நின்றாள். உள்ளே வந்து, "மிஸ், இவ்வளவுதானா? ஏதோ பாக்கி இருக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். இவ்வளவுதான் என்றேன்.

தெரியாமல் செய்த தவறு என்றால் பொறுத்திருப்பேன்.

நடன ஆசிரியை


ஏப்ரல் 2

என் குருவிக்கு,

சிலை போய்விட்டது. வெட்டவில்லை.

பக்கத்தில் வைக்கும் பலகைக்கு வாசகம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அந்த அதிகாரி நெளிந்தார். "மேடம், இப்படியெல்லாம் போடுற வழக்கம் இல்லையே. உங்களுக்கே நல்லா இருக்காதே" என்றார். போடாவிட்டால் சிலையைத் திருப்பி அனுப்புங்கள் என்றேன். நேற்று போய்ப் பார்த்தேன். ஓர் எழுத்தும் மாற்றாமல் போட்டிருக்கிறார்கள்:

"ஒரு நடனத்துக்காகச் செய்யப்பட்டது. ஆடியவர் இடது காலை ஊன்றி நிற்கப் பின்பக்கம் ஒரு குழி இருந்தது. சிற்பியின் மனைவி அதை அடைத்துவிட்டார்."

படிப்பவர்கள் எல்லாரும் பின்பக்கம் போய்த் தேடுகிறார்கள். நானும் அவர்களோடு நின்று கையால் தடவித் தேடினேன். வழவழவென்று இருக்கிறது. பட்டறைக்காரர் நல்ல வேலைக்காரர். எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணி