கடலைக் கழற்றிய படகுத்துறை

நவம்பர் 3, திங்கள்

அறிவிப்பு வந்துவிட்டது. எங்கள் இணையத் தீவுக்குள் போகும் பழைய மென்பொருள் முப்பதாம் தேதியோடு நின்றுவிடும். புதியது என் கம்ப்யூட்டரிலேயே மூச்சு வாங்குகிறது. தீவில் எனக்குக் கிடைத்த கூட்டு, கொக்கு; அதன் பழைய கம்ப்யூட்டரில் திறக்கவே திறக்காது.

நாலு வருஷமாக மாலை ஆறு மணிக்கு அந்தத் தீவின் படகுத்துறையில் நானும் கொக்கும் சந்திக்கிறோம். அங்கே எனக்கு ஆமை உருவம், அதற்குக் கொக்கு உருவம். நிஜப் பேர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது என்பது தீவின் வழக்கம். போன் நம்பர்கூட இல்லை. முப்பதுக்கு அப்புறம் எங்கே போய்த் தேடுவேன்?

நவம்பர் 5

தீவுக்குள் போக ஒரு சின்ன மென்பொருளை நானே எழுதப் போகிறேன். வெளியார் எழுதியதையும் தீவு ஏற்கும். உள்ளே நுழைவது, நிற்பது, பேசுவது – அடிப்படை இவ்வளவுதான். கடல், வெயில், உடை, கடை எல்லாம் தனித்தனித் துண்டு. வேண்டியவர்கள் மாட்டிக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் கழற்றிவிடலாம்.

ஆபீசில் கூட வேலை செய்யும் மலையாளி பிரதீஷிடம் சொன்னேன். "கடல் இல்லாத்த போட் ஜெட்டியோ? மகா, நீ மட்டாஞ்சேரிக்காரி தன்னே?" என்றான். கொச்சிக் கடலோரத்தில் வளர்ந்தவள் கடல் இல்லாத படகுத்துறை கட்டுகிறாளாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 11

மூன்று நாளாகக் கடலைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன். அடிப்படையே முடியவில்லை, அதற்குள் அலை அழகாக வேண்டுமாம். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. "சாயா ஆறிப்போச்சு. நீ எந்த லோகத்துலடி இருக்கே?" என்றாள் அம்மா. சொன்னால் நம்பமாட்டாள்.

நவம்பர் 15, சனி

கொக்குக்கு முதல் பதிப்பை அனுப்பினேன். திறந்த வேகத்தில் மென்பொருள் செயலற்று விழுந்துவிட்டது. விழுந்தால் காரணம் எனக்கு வந்து சேர ஒரு அறிக்கைத் துண்டு வைத்திருந்தேன். ஆபீசில் எப்போதும் வைப்பதுதான், கைப்பழக்கத்தில் வைத்துவிட்டேன். அறிக்கை வந்தது. காரணம் கீழே இருந்தது. மேலே, கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பேரும் ஊரும்.

கேசவ். ஏலூர்.

நவம்பர் 16

பார்த்திருக்கக் கூடாது. பார்த்தாச்சு.

நவம்பர் 19

ஏலூர் என் ஆபீசிலிருந்து அரைமணி நேரம். இடப்பள்ளியில் ஏலூர் போர்டு போட்ட பஸ் வந்தால் உள்ளே முகம் முகமாகப் பார்க்கிறேன். அங்கே இருக்கும் உரக் கம்பெனியில் வேலையோ? மீசை இருக்குமோ? சீ, என்ன புத்தி எனக்கு. அடுத்தவன் வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்துட்டு மீசையைப் பத்தி யோசிக்கிறேன்.

நேற்று கொக்கு, "எந்தா மௌனம்?" என்று கேட்டது. ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன்.

நவம்பர் 22, சனி

சொல்லிவிட்டேன். 'உன் பேரும் ஊரும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தப்பு என்மேலதான்.' கொக்கு சட்டென்று தீவைவிட்டு வெளியேறியது. துறையில் நான் மட்டும் நின்றேன்.

நவம்பர் 25

இன்றும் வரவில்லை. அறிக்கைத் துண்டைக் கழற்றி எறிந்தேன். விழுந்ததற்குக் காரணமே என் அலைகள்தான், அதனால் கடலையும். மிச்சம் நுழை, நில், பேசு. புதிய பதிப்பைத் தீவுக்குள் கொக்கின் தபால்பெட்டியில் போட்டேன். இனி அங்கே திறந்ததா, விழுந்ததா என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆள் வந்தால்தான் உண்டு.

நவம்பர் 29

நாளையோடு பழைய மென்பொருள் நின்றுவிடும்; இன்றும் ஆறு மணிக்குத் துறையில் தனியாக நின்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

ஆறு மணிக்கு நான் எழுதிய மென்பொருள் வழியாகவே தீவுக்குள் நுழைந்தேன். சாம்பல் நிறப் பலகை, அதன்மேல் ஒரு பெட்டியாக நான். ஆறு பத்து. ஆறு இருபது. சரி, போகலாம் என்று நினைத்தபோது பக்கத்தில் இன்னொரு பெட்டி வந்து நின்றது.

"திறந்துச்சு. விழல."

அழுதுவிட்டேன்.

"தேஷ்யம் வந்துச்சு. அந்தக் கோபம் ஒரு வாரம் இருந்துச்சு," என்றது. பிறகு, "கேசவ் என் சேட்டன், கூடப்பிறந்த அண்ணன். இது அவன் தந்த பழைய கம்ப்யூட்டர். ஏலூரும் அவன் வீடுதான். நான் அம்பிளி."

பெண்ணா! அப்படியானால் பஸ் பஸ்ஸாக நான் தேடிய மீசை யாருடையது?

'நான் மகா, மட்டாஞ்சேரி' என்று டைப் செய்தேன்.

"என் ஊரை இப்ப சொல்ல மாட்டேன்."

நான் கேட்கவில்லை.

"மகா, கடல் எவிடப் போச்சு?"

கழற்றி வைத்திருக்கிறேன், உன் கம்ப்யூட்டர் தாங்குகிற அளவுக்குச் சின்னதாக மாட்டித் தருகிறேன் என்றேன்.