நாலாவது டீக்கு இடம்

டீ கொதித்த ஆவி இன்று சமையலறை ஜன்னலில் படிந்ததும் நீ கடைசியாகப் போட்ட கோடு திரும்ப வந்துவிட்டது. நீ போன பிறகு நானே சோப்புத் தண்ணீரால் துடைத்ததுதான். கண்ணாடி மங்கினால் மட்டும், வலப்புறம் சரிந்து இறங்கும் கோடும் அதன் கீழே நீ இழுத்த கீற்றுகளும் தெரிகின்றன. மார்க்கரின் பசை மிச்சமிருக்கும், காரணம் அவ்வளவுதான். ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன். டீ பொங்கி வழிந்தது.

உன் சிறுநீரகங்கள் நின்றுபோனதும், நாளுக்குத் தொள்ளாயிரம் மில்லி திரவம்தான் என்று டாக்டர் அளவு வைத்தார். டயாலிசிஸ் ஊசிக்குக்கூட நீ முகம் சுளித்ததில்லை. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வீட்டில் பிறந்து, என்னோடு இங்கே தங்கியிருந்தவன் நீ. டீ போய்விடுமோ என்பதுதான் உன் ஒரே பயம்.

"கஞ்சியும் திரவமாக்கும், எடா. அதைக் குடிச்சா டீக்கு எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டாய்.

நம் கிளாஸ் நூற்றைம்பது மில்லி, கஞ்சிக் கிண்ணம் முந்நூறு, நாளுக்கு மொத்தம் ஆறு கிளாஸ். டீ x, கஞ்சி y என்றால், x + 2y ஆறைத் தாண்டக்கூடாது. பள்ளிக்கூடத்து அசமன்பாடு, இதற்கு யோசிக்க என்ன இருக்கிறது? உன் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கி ஜன்னலில் கோடு போட்டேன். y-யைத் தனியாக்க மைனஸ் இரண்டால் வகுத்தேன், குறியைத் திருப்ப மறந்தேன், கோட்டுக்கு மேலே முழுக்கக் கீற்றடித்தேன்.

நீ அச்சுகள் சந்திக்கும் மூலையில் விரல் வைத்தாய். "பூஜ்யம் டீ, பூஜ்யம் கஞ்சி. அந்தப் புள்ளி கீற்றுக்குள்ள இருக்கோ?"

"இல்ல, வெளிய."

"அப்போ பட்டினி கிடந்தா தப்பு, சங்குமுகம் கடலையே குடிச்சாலும் குழப்பமில்ல. அடிபொளி கணக்கு, எஞ்சினீயரே!"

"லே, ஒரு சைன் மாறிப்போச்சு. அதுக்கு இந்த ஆட்டமா?" என்றேன். நாகர்கோவில்காரனுக்குக் கோபம் வந்தால் 'லே' தானாக வந்துவிடும்.

அன்றிலிருந்து ஆதிப்புள்ளியை, அந்தப் பூஜ்யம்-பூஜ்யத்தை, போட்டுப் பார்க்காமல் நீ கீற்றடித்ததில்லை. எந்தப் பக்கம் என்று தெரிந்தே இருக்கும், ஆனாலும் பார்ப்பாய். ஏன் என்று கேட்டால் சிரிப்பாய்.

என் கோட்டை அழித்து நீ திரும்பப் போட்டபோது, முதலில் இடைவெளி விட்டுவிட்டுத்தான் போட்டிருந்தாய். அடுத்த முறை ஆஸ்பத்திரியில், "டாக்டரே, கோட்டு மேல நிக்கலாமோ, உள்ளதான் நிக்கணுமோ?" என்று கேட்டாய். டாக்டர் என்னைப் பார்த்தார். "சரியா தொள்ளாயிரமே குடிக்கலாமான்னு கேக்கான்," என்றேன். குடிக்கலாம், அதற்கு மேல் ஒரு சொட்டுக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இடைவெளிகளைச் சேர்த்து முழுக்கோடாக்கினாய்.

மழைக்காலத்தில் அளவு எழுநூற்றைம்பதாக இறங்கியது. கோட்டையும் இறக்கினாய். ஒரு கஞ்சி, மூன்று டீ. அதற்கே கோடு தொட்டுவிட்டது. மாத்திரை விழுங்க ஒரு மடக்கு மிச்சமில்லை.

"கோடு கீழ வருது, சரிவு மட்டும் மாறலையே. அதென்னடா?"

"கிளாஸும் கிண்ணமும் அதேதான லே. பிறகு எப்படி மாறும்?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சாலைக் கடைத்தெருவுக்குப் போய், நூறு மில்லி பிடிக்கிற சின்னக் கிளாஸ் இரண்டு வாங்கி வந்தேன். கோட்டின் கஞ்சி முனை நின்ற இடத்திலேயே நிற்க, டீ முனை வலப்புறம் நீண்டது. ஒரு கஞ்சி, நான்கு டீ, எழுநூறுதான். மாத்திரைக்கும் தண்ணீர் மிஞ்சியது.

நீ கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "மூணு பெரிசை விட நாலு சின்னது கொறவல்லே? என்னை ஏமாத்துறே."

"நாலு தடவை உக்காருவோம்ல."

ஆதிப்புள்ளியைப் போட்டுப் பார்த்துவிட்டு, கீழே மெதுவாகக் கீற்றடித்தாய்.

கடைசி நாட்களில் வாய்வழியே எதுவும் கூடாது என்றுவிட்டார்கள். ஈரப் பஞ்சால் உன் உதட்டைத் துடைத்தேன். "பூஜ்யம் டீ, பூஜ்யம் கஞ்சி," என்றாய். "அதுவும் கீற்றுக்குள்ளதான், கேட்டியா?" ஏன் எப்போதும் அந்தப் புள்ளியைப் பார்க்கிறாய் என்று நான் நெடுநாள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதிலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆபீஸில் இப்போது எதை எழுதினாலும் ஒரு புள்ளியைப் போட்டுப் பார்த்த பிறகே அனுப்புகிறேன். எனக்கு யாரும் அளவு வைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சின்னக் கிளாஸில்தான் குடிக்கிறேன். நாளுக்கு நாலு தடவை உட்காருகிறேன். அடுப்பைத் துடைத்துவிட்டு, இன்றைய நாலாவதுக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன்.