கீழே இறங்காத கண்

ஓசூர்
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். அன்றைக்கு அம்முவை உன் மடியில் போட்டோம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. நீ ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பஸ் ஏறியதும் கல்பனா அழுதாள். "அவங்களுக்குப் புள்ள இல்ல. நம்ம புள்ளயப் பாக்க எப்டி மனசு வரும்? இனிமே போவ வேணாங்க" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் நீ. அதனால்தான் தாங்கவில்லை.

வளவன்

திருத்தணி
17.2.2025

என் தம்பி வளவனுக்கு அக்காவின் ஆசி.

பார்க்கத்தான் நினைத்தேனடா. பார்க்கவில்லை. ஏனென்று எனக்கே தெரியவில்லை. கல்பனா சொன்னதுதான் நிஜமோ, எனக்குள் அப்படியொரு அழுக்கு இருக்கிறதோ என்று யோசித்து யோசித்து உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. எதற்கென்று தெரியாமல் தெருமுனை வரை போய்த் திரும்புகிறேன்.

சாப்பிடும்போது சோற்றைக் கை துழாவுகிறது. போன கிருத்திகைக்கு மலைப்படி இறங்கும்போது விழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ரத்தினம்மாள்தான் தூக்கிவிட்டாள். "கீழ பாக்காம நேராவே பாத்துகினு எறங்குறியேக்கா" என்றாள். சென்னையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போகிறாளாம்.

உன் குழந்தை நன்றாக இருக்கட்டும்.

அக்கா கோமளவல்லி

திருத்தணி
3.3.2025

தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். தாளைச் சுவரில் என் முகத்துக்கு நேரே ஒட்டி எழுதுகிறேன். குனிந்து எழுதினால் கண் அடுத்த வரிக்கு இறங்குவதில்லை.

டாக்டர் ஒரு பேனாவை முகத்தெதிரே பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் அதைத் தொடரச் சொன்னார். பேனா போனது, கண் போகவில்லை. பிறகு தன் மூக்கையே பார்க்கச் சொல்லி என் தலையைப் பின்னால் சாய்த்தார். தலை பின்னால் போகப் போக, அவர் மூக்கை விடாமல் கண் தானாகக் கீழே இறங்கியதாம். ஆகவே பார்வையும் நன்றாக இருக்கிறது, கண்ணை அசைக்கும் தசையும் நன்றாக இருக்கிறது என்றார். கண் பார்த்ததை வைத்து, எந்தப் பக்கம் திரும்பு என்று மூளை கண்ணுக்கு உத்தரவு அனுப்ப வேண்டுமாம். எனக்குக் கீழே பார்க்கும் உத்தரவுதான் போய்ச் சேரவில்லை. அந்த இடம் தேய்ந்துகொண்டே வருகிறதாம். பக்கவாட்டில் பார்ப்பதும் ஒருநாள் நிற்கும், பேச்சும் குழறும், மருந்தில் தீராது என்றார்.

ரத்தினம்மாள் அழுதுவிட்டாள். நான், "அப்ப என் மனசுல ஒண்ணும் இல்லியேங்க டாக்டர்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும், "இல்லம்மா" என்றார்.

பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத் தூங்கினேன்.

அக்கா

ஓசூர்
12.3.2025

அக்கா,

உன் கடிதத்தைக் கல்பனாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அம்முவின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு லீவு கிடைக்க இன்னும் நாலு நாள் ஆகும் என்றேன். "நீங்க அப்பறமா வாங்க, நானும் புள்ளயும் முன்னால போறோம்" என்றாள்.

அன்றைக்கு பஸ்ஸில் நான் உனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். அதை நேரில் வந்து சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அக்கா தாளைத் தூக்கிப் பிடித்துக் கஷ்டப்பட வேண்டாம், நானே படிக்கிறேன் என்று கல்பனா கையோடு எடுத்து வருகிறாள். இப்போது உனக்கு இதைப் படித்துக்கொண்டிருப்பது அவள்தான். நடுவில் குரல் நின்றால், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

வளவன்