தொண்டைக்கும் ஓர் அறை வேண்டி

அனுப்புநர்
மேள ஆசிரியர்,
தோற்கருவி அறை, தரைத்தளம்,
நகர இசைப் பள்ளி.

பெறுநர்
நிர்வாக அலுவலர் அவர்கள்,
நகர இசைப் பள்ளி.

பொருள்: இசைக்கருவிகளைக் குடும்பவாரியாகப் பிரித்து அறை ஒதுக்கியதில் மனிதக் குரல் விடுபட்டது – குரல் வகுப்புக்குக் கதவுள்ள ஓர் அறை கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இப்பள்ளியில் குரல் வகுப்பு நடத்தும் ஆசிரியை என் உடன்பிறந்த தமக்கை. ஆகவே இம்மனுவில் பாரபட்சம் இருக்குமோ என்று தாங்கள் எண்ணக்கூடும். இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என ஐந்து குடும்பங்களாகப் பிரிப்பது நம் வழக்கம். தோலை அடித்தால் மேளம், துளையில் காற்றுப் போனால் குழல், நரம்பு அதிர்ந்தால் வயலின், கஞ்சம், அதாவது உலோகம், மோதினால் தாளம். மிடறு என்பது தொண்டை. எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் வாசித்து, சந்தைக்கடை போல இருந்த பள்ளியைத் தாங்கள் பொறுப்பேற்றதும் குடும்பவாரியாக அறை பிரித்தீர்கள். நல்ல ஏற்பாடு. மனமார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் கதவுகளில் பலகை மாட்டி முடித்தபோது நான்கு பலகைகள்தான் இருந்தன.

3. காரணம் கேட்டோம். பொருள் காப்பாளர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பூட்டி வைக்கணும், நம்பர் ஒட்டணும், அப்பதான் சார் அது கருவி. அக்கா தொண்டையில நான் எங்க சார் ஒட்டுறது?" அவர் நல்ல மனிதர், உண்மையிலேயே சங்கடப்பட்டார். வாயால் ஊதாத ஹார்மோனியத்தைக்கூட உள்ளே காற்று ஓடுகிறது என்று துளைக்கருவி அறையில் சேர்த்துக்கொண்டார். பல்லிடுக்கில் பிடித்து வாசிக்கும் மோர்சிங்குக்குக் கஞ்ச அறையில் ஒரு மூலை கிடைத்தது. வாயில் வைத்து வாசிப்பதற்கு இடம் உண்டு, வாய்க்குத்தான் இல்லை என்று என் தமக்கையார் சிரித்தார். அப்போது அவரால் சிரிக்க முடிந்தது.

4. குரலும் காற்றுதானே என்று புல்லாங்குழல் ஆசிரியர் பெரிய மனதுடன் தம் அறையைப் பகிர்ந்துகொண்டார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. குழலின் சுருதி துளை போட்ட அன்றே முடிவாகிவிடுகிறது. தொண்டைக்கு அவரவர் சுருதி. பிறர் குழல் வாசிக்கும் அறையில் அதற்குக் கீழான சுருதியில் நின்று பாட முடியாது. தமக்கையார் தமக்குப் பொருந்தாத உயரத்தில் பாடத் தொடங்கினார். மாணவிகளும் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார்கள். இரு வகுப்பும் கெடுவதைப் பார்த்து, அவரே தம் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்தார்.

5. அந்த மாடிப்படி என் அறையை ஒட்டியது. இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ஐயா. பதினோரு மேளங்கள் ஒரே நேரத்தில் முழங்கும் அறை அது. சுவருக்கு அந்தப் பக்கம் என் அக்கா அதற்கு மேலே குரலை ஏற்றிப் பாடிக்கொண்டிருந்தார். வகுப்பு நேரத்தை மாற்றித் தரும்படி கேட்டேன், மறுக்கப்பட்டது. பிள்ளைகளை விரல் நுனியால் வாசிக்கச் சொன்னேன். வகுப்பு சரிவர நடைபெறவில்லை என்று தங்கள் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு எனக்குத் தாள் வந்தது. மறுபடி வாசிக்க வைத்தேன். வேறு வழி தெரியவில்லை.

6. மழைக்காலம் முடியும்போது அவர் குரல் கம்மியது. சுக்குக் கஷாயத்தில் சரியாகிவிடும் என்றிருந்தோம். பிறகு மேல் சுரங்களில் வெறும் காற்று வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாண்களில் தடிப்பு என்றார். நுரையீரலிலிருந்து காற்று எப்படி வருகிறது, அது எப்படி அந்த இரண்டு நாண்களை அதிர வைக்கிறது என்று படம் போட்டு விளக்கினார். பேசவே கூடாது என்று சொல்லப்பட்டிருந்த தமக்கையார் மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி என்னிடம் நீட்டினார்: "காத்தும் இருக்கு, நரம்பும் இருக்கு. இப்ப நான் எந்த ரூமுக்குப் போறது?" மருத்துவர் சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை.

7. பழைய குரல் திரும்பும் என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. நீண்ட விடுப்பு எடுக்கச் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. இன்றும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, கையை உயர்த்தியும் தாழ்த்தியும் பாடம் நடத்துகிறார். யாராவது அபசுரம் போனால் முழங்காலில் தட்டுகிறார். பலர் நின்றுவிட்டார்கள். நான்கு பேர் வருகிறார்கள், அதில் ஒருவர் மருத்துவமனைப் பணி முடித்து நேராக வரும் செவிலியர்.

8. அலுவலகத்தை ஒட்டி, உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடக்கும் சிற்றறை ஒன்று உள்ளது. சன்னல் ஒன்று, கதவு ஒன்று. நாற்காலிகளை அப்புறப்படுத்தும் வேலையை நானும் என் மாணவர்களுமே செய்துகொள்கிறோம். பள்ளிக்குச் செலவில்லை. மிடற்றையும் ஐந்தாவது குடும்பமாகச் சேர்த்து, அவ்வறையைக் குரல் வகுப்புக்கு ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

9. இதை என் தமக்கைக்காகக் கேட்கிறேன் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். அவருக்கு நடந்தது நடந்துவிட்டது. சென்ற புதன்கிழமை செவிலியர் பாடிக்கொண்டிருந்தபோது அக்கா சட்டென்று எழுந்து அவர் வாயைக் கையால் பொத்தினார். செவிலியர் குரலிலும் அதே கம்மல். மேளத்தை நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா கையை எடுக்கவில்லை. மாலையில் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, உன் குரலாவது மிஞ்சட்டும், அறை கிடைக்கும்வரை வராதே அம்மா என்று சொன்னேன். "நானும் வரலைன்னா டீச்சருக்கு யாரு சார் இருக்கா?" என்று கேட்டார்.  அதற்குப் பதில் தங்களிடம் இருக்கிறது என்று நம்பியே இம்மனுவை அனுப்புகிறேன்.

இடம்: நகர இசைப் பள்ளி
நாள்: 14, திங்கட்கிழமை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மேள ஆசிரியர்

இணைப்பு: தொண்டை மருத்துவரின் சான்று, தமக்கையார், செவிலியர் இருவருக்குமானது.