அப்பாவின் சினைப்பை

மார்ச் 4

அண்ணன் டாக்டராகிவிட்டான். படித்தெல்லாம் கிழிக்கவில்லை, போனில் ஏதோ ஒரு ஏஐயை இறக்கியிருக்கிறான், அவ்வளவுதான். அப்பாவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் வேண்டுமா என்று சர்ஜன் அடுத்த வாரம் சொல்வார். அதுவரை துரைக்குப் பொறுக்காது. “ரிப்போர்ட்ட ஏத்தினா போதும், அதுவே படிச்சுச் சொல்லிடும்” என்கிறான். இவன் எதையும் கடைசி வரி வரை படித்து நான் பார்த்ததில்லை. நல்ல ஜோடிதான்.

மார்ச் 5

ஏற்றினான். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே அமுக்கில். எங்கள் வீட்டில் யார் லேபுக்குப் போனாலும் அவன் நம்பரைத்தான் கொடுப்போம். ரிப்போர்ட்டெல்லாம் அவன் போனில்தான் வந்து விழும். ‘ஸ்கேன்’, ‘ஸ்கேன் புதுசு’, ‘ஸ்கேன் புதுசு 2’ — இதுதான் அவன் பெயர் வைக்கிற லட்சணம்.

பிறகு நீட்டி முழக்கிப் படித்தான். பித்தப்பையில் கல். இடது சினைப்பையில் கட்டி. தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்கவும்.

அப்பாவுக்குச் சினைப்பை!

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எழுபது வயசுல எனக்கு இது வேறயா?” என்றார் அப்பா. அண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “உங்களுக்கெல்லாம் டெக்னாலஜின்னா காமெடி” என்று எழுந்து போனான்.

மார்ச் 6

அச்சகத்தில் எல்லோருக்கும் சொன்னேன். “உன் புரூஃப் வேலைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லடி” என்றாள் பைண்டிங் அக்கா. ஊரார் எழுத்தில் பிழை பிடித்தே பிழைக்கிறவள் நான். இப்படி ஒரு பிழை இத்தனை வருஷத்தில் கிடைத்ததில்லை.

மார்ச் 8

பாத்திரம் துலக்கிக்கொண்டே அண்ணி கேட்டாள். “ஆமா, அது யாரோட ஸ்கேன்?”

“உங்களோடதுதான் அண்ணி. வேற யாரு?”

“நான் அந்த லேப் வாசலையே மிதிச்சதில்ல.”

அண்ணனின் போனைப் பிடுங்கி அந்தப் பதிலை முழுதாகப் படித்தேன். கடைசி வரி: ‘இவற்றில் ஒன்று வேறொருவருடையது போலத் தெரிகிறது; பெயரையும் வயதையும் சரிபார்க்கவும்.’ அவன் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டானே.

‘ஸ்கேன் புதுசு 2’ஐத் திறந்தேன். பெண். வயது முப்பத்தெட்டு.

ஜனவரியில இடுப்பு வலின்னு நான்தானே போனேன். வலி விட்டுது, மறந்துட்டேன். வந்தா சொல்ல மாட்டானா, தடியன்! ரெண்டு மாசமா போன்ல தூங்குது. நானும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருக்கேன் —

மார்ச் 9

பயமா இருக்கு.

மார்ச் 11

அப்பாவுக்கு அவசரமில்லையாம். தேதி குறித்தது எனக்குத்தான், வரும் வெள்ளிக்கிழமை. வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் லேடி டாக்டர்.

சாயங்காலம் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அந்த ஏஐயிடம் கேட்டு, கடைசி வரி வரை படித்துக் காட்டினான். திரும்ப முதலிலிருந்து படித்தான். அதன் தமிழ் இன்றும் சகிக்கவில்லை. பிழை பிடிக்காமல் கேட்டேன்.

இந்த முறை ஒரே ஒரு கோப்பைத்தான் ஏற்றியிருந்தான். அதற்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறான்: ‘தங்கச்சி’.