அண்ணன் வீட்டுப் புத்தக அலமாரி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் அப்பாவும் நானும் நன்றாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே. மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, ஒரு வாரமாக உன் அண்ணன் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

நீ கேட்ட அப்பாவின் எஞ்சின் புத்தகம் ஏன் இன்னும் வரவில்லை என்று நினைத்திருப்பாய். புது வீட்டு ஹாலில் பெரிய அலமாரி அடிக்கிறேன், அப்பா புத்தகங்களை அங்கே வைக்கிறேன் என்று அண்ணன் போன மாதம் நாலு பெட்டி எடுத்துப்போனான், அதுவும் அதில் போய்விட்டது. கார் தொழிற்சாலையில் முப்பது வருஷம் எஞ்சின் பூட்டிய மனுஷன், கிரீஸ் விரலோடு ஓரமெல்லாம் பென்சிலில் குறித்துவைத்த புத்தகங்கள். மகன் என் புத்தகத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறான் என்று தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனோம். அப்பா நேராக அலமாரிக்குப் போய் எஞ்சின் புத்தகத்தை இழுத்தார். கையில் வந்தது பெயர் போட்ட முதுகு அட்டை மட்டும், பின்னால் வெறும் பலகை. இடம் அடைக்காது என்று அலங்கார வேலைக்காரன் சொன்னானாம், எல்லாப் புத்தகத்தின் முதுகையும் அறுத்து வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். வீடு கட்டுவது பற்றி அப்பா வாங்கிக் கொடுத்த புத்தகத்தையும் விடவில்லை, அதைப் படித்துத்தான் அந்த வீட்டுக்கே அஸ்திவாரம் போட்டான். "இப்ப யாரும்மா இதையெல்லாம் படிக்கிறாங்க, பாக்க நல்லாருக்குல்ல" என்றான். சீ என்றாகிவிட்டது எனக்கு. அப்பா அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "பெயிண்ட் நல்லா வந்திருக்குப்பா" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கங்கள் எங்கேடா என்று நான்தான் வாய்விட்டுக் கேட்டேன். பெயிண்ட் அடிக்கும்போது தரையில் விரித்தது போக மிச்சம் பின்பக்கம் ஒரு சாக்கில் கிடந்தது. அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அலமாரியைப் படம் எடுத்து அனுப்புவான், அழகாயிருக்கிறது என்று பதில் போட்டுத் தொலைக்காதே. வேளைக்குச் சாப்பிடு. என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, அவனுக்கு இப்போதைக்கு இல்லை. நீ கேட்ட எஞ்சின் புத்தகத்தைச் சாக்கிலிருந்து பக்கம் பக்கமாகச் சேர்த்துவிட்டோம், எட்டுப் பக்கம்தான் கிடைக்கவில்லை. அப்பா மேசையில் உட்கார்ந்து அவற்றை ஞாபகத்திலிருந்து படத்தோடு எழுதிக்கொண்டிருக்கிறார், இன்று மூன்றாவது. முடிந்ததும் அனுப்புகிறேன், பிரித்ததும் அந்த எட்டை முதலில் படித்துவிட்டு அவருக்குப் போன் போடு.

இப்படிக்கு,
அம்மா