கால்மாட்டுச் சுவர்

அக்கா,

இன்று காலை என் அறைச் சுவரில் மிஷின் வைத்து ஓட்டை போட்டார்கள். காரைத் தூள் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்து நின்றது. இடுப்பு முறிந்ததிலிருந்து நான் படுத்திருப்பது உங்கள் அறையில், உங்கள் கட்டிலில்தான்.

போன வாரம் மருமகள் செல்போனில் எதையோ படித்துவிட்டு வந்தாள். “அத்தை, படுத்திருக்கறவங்க கண்ணு முழிச்சதும் எதைப் பாக்கறாங்களோ, அதுதான் அன்னிக்கு மனசாம். மரம், தண்ணி இருக்கற படமா மாட்டணுமாம். எது புடிக்குதுன்னு சொல்லுங்க.” ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். ஓர் அருவி வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

இதை நீங்கள் எந்தப் போனும் இல்லாமல் சொன்னீர்கள்.

நீங்கள் இந்த வீட்டின் மூத்த மருமகள், நான் இளையவள். நான் வந்த அன்றைக்கே பந்தலில் அத்தனை பேர் முன்னால், “கருப்பா இருந்தா என்ன, வேலைக்கு ஆவும்” என்றீர்கள். யார் யார் சிரித்தார்கள் என்பதுகூட எனக்கு மனப்பாடம். நாற்பது வருடம் அதைக் கீழே வைக்கவில்லை நான்.

பிறகு உங்களுக்குக் கைகால் விழுந்தது. கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் நம் வழக்கப்படி இறந்தவர்களின் போட்டோ. மாமனார், மாமியார், உங்கள் வீட்டுக்காரர். பக்கத்தில் ஒரு வெற்று ஆணி.

“உசுரோட இருந்தப்ப மாமியா மூஞ்சியப் பாத்தது பத்தாதா? படுத்தும் அதையே பாக்கறேன்” என்று சிரித்தீர்கள். “சமையக்கட்டுல இருக்குதே, தண்ணி கொட்டற காலண்டரு, அதக் கொண்டாந்து மாட்டு புள்ள. பச்சையாப் பாத்தா நெஞ்சு கொஞ்சம் எறங்கும்.”

பாலக்கோட்டு உரக்கடையில் கொடுத்த காலண்டர் அது. எடுத்து வர பத்து அடிகூட இல்லை.

“அடுப்பாண்ட நாள் பாக்க வேணும்ங்க்கா” என்றேன்.

“ஒரு ஆணி சும்மாதானே கெடக்குது.”

“அது உங்களுக்குத்தாங்க்கா.”

வாய் தவறி வரவில்லை. பந்தலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னேன். நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். “இருக்கட்டும் புள்ள” என்று மட்டும் சொல்லி முகத்தை வெறும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அப்புறம் எதையுமே கேட்கவில்லை, தண்ணீரைத் தவிர.

நீங்கள் போய்ச் சேர்ந்த பதினாறாம் நாள் உங்கள் போட்டோவை அந்த ஆணியில் மாட்டியது என் கைதான். வருடம் முடிந்ததும் காலண்டரின் அருவியை எண்ணெய்ப் பாத்திரத்துக்கு அடியில் விரித்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் வகுப்பு எழுத்தில் இதை எழுதும்போதே கை கூசுகிறது.

இன்று ஓட்டை போட வந்தவர் கால்மாட்டுச் சுவரில்தான் அளவு பார்த்தார். போட்டோக்களைக் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றாள் மருமகள். “வேண்டாம், என் தலைமாட்டுல மாட்டுங்க” என்றேன்.

“அங்க மாட்டுனா உங்களுக்குத் தெரியாதுங்களே அத்தை.”

“வெளிச்சம் அங்கதான் நல்லா விழுது” என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை.

பந்தலில் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை அக்கா. மறக்கவும் மாட்டேன். ஆனால் அருவி இப்போது உங்கள் போட்டோவுக்கு நேர் எதிரே இருக்கிறது. நீங்கள் அதைப் பாருங்கள். நான் கண் விழித்தால் அந்த அருவியில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன்.